உயிருக்குள் ஒளிர்ந்த அமிலமானி



உயிருள்ள உடலுக்குள் ஒளிரும் நுண்துகளைச் செலுத்திப் படமெடுக்கும் கலையின் வரலாறு, பெரும்பாலும் குவாண்டம் புள்ளிகளோடு தொடங்கி அவற்றோடே முடிக்கப்படுகின்றது. 1980களில் எக்கிமோவும் புரூசும் கண்டறிந்தனர். 1993இல் பவெண்டி அவற்றைச் செம்மையாகச் செய்யும் வழி கண்டார். 1998இல் உயிரணுக்களிலும், 2002இல் தவளைக் கருவிலும், 2004இல் உயிருள்ள எலியிலும் அவை ஒளிர்ந்தன. 2023இல் மூவருக்கும் நோபல் பரிசு. ஆயினும் அப்புள்ளிகளுள் பல, காட்மியம் எனும் நச்சு உலோகம் கலந்தவை. மேலும், பொருள் எங்கே இருக்கின்றது என்பதைத்தான் அவை பெரும்பாலும் காட்டின. அங்கே என்ன நடக்கின்றது என்பதை அன்று.

அதைக் காட்டும் கருவியொன்று பெங்களூரில் உருவானது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பயின்ற யமுனா கிருஷ்ணன், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் தம் குழுவினரோடு டி.என்.ஏ. இழைகளைக் கொண்டே ஒரு நானோ கருவியைச் செய்து 2009இல் வெளியிட்டார். அதற்கு 'ஐ-சுவிட்ச்' என்று பெயர். நோபல் செய்தி வந்த நாள்களில் நம் ஏடுகள் இவரையும் ஒரு வரி நினைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சி ரூசாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தோருக்கு இக்கருவியை விளக்குவது எளிது. பால்மரக் காட்டிலிருந்து வந்த பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அது உறைந்துவிடும் அல்லவா? இங்கும் அமிலமே வேலை செய்கின்றது. இழையின் முனைகளில் சைட்டோசின் மிகுந்துள்ளது. அமிலம் கூடினால் முனைகள் மடங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், குறைந்தால் விலகிவிடும். (உறைந்த ரப்பர் மீண்டும் பாலாவதில்லை, இது மீளும்.) முனைகளில் இருவேறு ஒளிர்சாயங்கள் உள்ளன. அவை நெருங்கும்போது பச்சைச் சாயம் தன் ஆற்றலைச் சிவப்புச் சாயத்திற்குக் கொடுக்கும். எனவே, இரு நிறங்களின் விகிதத்தை அளந்தால் அமிலத்தன்மை தெரிந்துவிடும். லிட்மஸ் தாளைப் போன்றதுதான்; ஆனால், இதை உயிரணுவுக்குள் அனுப்பலாம்.

முதலில் பழ ஈயின் உயிரணுக்களில் சோதித்தனர். 2011இல் உயிருள்ள புழுவுக்கே செலுத்தினர். 1 மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புழு அது. அதன் துப்புரவு உயிரணுக்கள் கருவியை விழுங்கின. விழுங்கிய பொருள் உள்ளே செல்லச் செல்ல அமிலம் ஏறுவதைக் கருவி அளந்து காட்டியது.

இதனால் யாருக்கு என்ன பயன்? உயிரணுவின் குப்பையைச் செரிக்கும் அறை லைசோசோம். அது பழுதானால் கழிவு தேங்கி, கோஷர் முதலான பரம்பரை நோய்கள் வரும். 2014இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்குச் சென்ற யமுனாவின் குழு, சோற்றுப்பில் உள்ள அதே குளோரைடை அளக்கும் டி.என்.ஏ. கருவியையும் செய்தது. இந்நோய்களின் மாதிரிப் புழுக்களிலும் மனித உயிரணுக்களிலும் லைசோசோமின் குளோரைடு குறைந்திருப்பதை 2017இல் அது கண்டது.