கூட்டை விட்டு எந்திரிக்கிற நேரம்

இன்னைக்குக் கதையை நம்ம கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஆரம்பிக்கலாம். சின்னமனூர்ப் பக்கம் டிராக்டர் வயலை உழும்போது பார்த்திருப்பீங்க, பின்னாடியே கொக்குக் கூட்டம் நடந்து வரும். அதே கொக்கு, ரோட்டுல ஒருத்தர் வண்டியை நிறுத்தி உத்துப் பார்த்தா பறந்துரும். ஏன்?

இதே கேள்விக்குள்ள ஒரு வரலாறு இருக்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டாங்க. ஊர்க்காரங்க கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டாங்க. 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கொடுத்து அவர் கவுல் எழுதினார். 1858இல் அதைப் புதுப்பிச்சாங்க. இது வெறும் இரக்கம் இல்லை. எச்சம் கலந்த ஏரித்தண்ணி பாயுற வயல்ல நெல் நல்லா விளையும்னு அவங்களுக்குத் தெரியும்.

அந்த ஊர்க்காரங்க இன்னொண்ணையும் கவனிச்சிருப்பாங்க. தினமும் கரையில் நடக்கிற ஆளைப் பறவை பொறுத்துக்கும். துப்பாக்கிச் சத்தத்தைப் பொறுக்காது. ஒரு ஆள் எவ்வளவு கிட்ட வந்தா பறவை எந்திரிக்கும் என்கிற தூரத்தை இன்னைக்கு ஆய்வாளர்கள் அளக்கிறாங்க. நேரா நடந்து வந்தால், உத்துப் பார்த்தால், அந்த இடத்தில் முன்னாடி வேட்டை நடந்திருந்தால், பறவை சீக்கிரமே கிளம்பிரும்.

கூட்டில் முட்டை இருந்தால் கணக்கு மாறும். கடைசிவரை உட்கார்ந்திருக்கும். அதனால் பயமில்லைன்னு அர்த்தம் இல்லை. அசையாமல் அடைகாத்த பெங்குவின்களின் இதயத்துடிப்பை அளந்தபோது, ஆள் கிட்ட வர வர அது ஏறினது தெரிஞ்சது.

நீர்க்காகமும் கூழைக்கடாவும் வேடந்தாங்கலில் மரத்துமேல கூடு கட்டும். கடற்பறவையான ஆலாவுக்கு அந்த வசதி இல்லை. தனுஷ்கோடிக்கு அப்பால், ராமர் பாலத்து மணல் திட்டுகளில் அது வெறும் மணல்லயே முட்டையிடும். நாம் கிட்டப் போனால் தாய் எந்திரிச்சுத் தலைக்குமேல கத்திக்கிட்டே சுத்தும். அந்த நேரத்தில் உச்சி வெயில் முட்டையைச் சுட்டுரும். இல்லைன்னா வேற பறவை வந்து கொத்திட்டுப் போயிரும். நாம் ஒரு போட்டோதான் எடுத்திருப்போம். அங்கே ஒரு வருஷத்துக் குஞ்சே போயிருக்கும்.

நம்ம ஊர்க் கண்மாய்க்கும் இதே கதைதான். கருவேல மரத்துல கூடு இருந்தால் கரையிலேயே நின்னு பாருங்க. பறவை தலையைத் தூக்கி நம்மையே பார்க்குதா? அங்கேயே நில்லுங்க. அதுதான் அது நமக்குப் போட்ட எல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.