காதலை முறிப்பது யார்?

(பீர்க்கன்கரணையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காதல் உறவு எப்படித் தோன்றுகிறது, எப்படி நிலைக்கிறது, எப்படி முடிகிறது என்று பேசும்படி இந்த நினைவு நாளில் எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். உளவியல் வகுப்புக்கு உரிய தலைப்பு இது. தலித் அரங்கில் எடுத்தால் வரலாறாகிவிடுகிறது. உளவியல் நூல்கள் காதலில் பெரும்பாலும் இரண்டு பேரைத்தான் பார்க்கின்றன. நம் நாட்டில் அந்த இருவருக்கு நடுவே சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் தோற்றம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். யாருக்கு யார் நண்பராகிறார் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது வீட்டுக் கதவுகளுக்கு இடையே இருந்த தூரம்தான் என்று கண்டார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குப் பிடிப்பு வர, முதலில் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். நமக்கு இது புதிய செய்தியா? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வயலும் ஏரிக்கரையும். இதை நில உடைமை என்றும் தீட்டு என்றும் விளக்கி நிறுத்திக்கொள்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதுதான்.

இதை முதலில் கோட்பாடாகச் சொன்னவர் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் மையம், அகமணமே சாதியின் உயிர்நிலை என்பது. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் தனித்தனிக் கொடுமைகள் அல்ல என்றும், ஒரு வட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பதைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழிகள் என்றும் அவர் வாதிட்டார். யார் யாரை விரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு தலைமுறைகூடத் தாங்காது. இருபது ஆண்டு கழித்து, லாகூர் மாநாட்டில் பேச முடியாமல் போய் அவரே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார்.

நம் பகுதிக்கு வருவோம். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1980களில் மெப்ஸ் வந்தது. பெருங்களத்தூர் நிலையத்தில் காலை நேரத்தில் ஏறுகிறவரிடம் யாரும் சாதி கேட்டு இடம் விடுவதில்லை. ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஊரும் சேரியும் தள்ளித் தள்ளி வைத்திருந்தவர்களை ரயிலும் கல்லூரியும் கம்பெனி கேன்டீனும் பக்கத்தில் கொண்டுவந்து விட்டன. பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்வதற்கு முன்பே இது நடந்து முடிந்த மாற்றம்.

தூரம் குறைந்தது, காதலும் பிறந்தது. ஆனால் மணம்? 2011–12 இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான். ஆகவே காதல் தோன்றாதது அல்ல நம் சிக்கல். தோன்றிய காதல் நிலைக்க எது வேண்டும் என்பதே கேள்வி.

எதிர்ப்பு கூடக் கூடக் காதல் உறுதிப்படும் என்று தமிழ் சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1972இல் கொலராடோவில் 140 இணையரை ஆராய்ந்தவர்களும், பெற்றோரின் குறுக்கீடு காதலைத் தூண்டுகிறது என்றே எழுதினார்கள். ‘ரோமியோ ஜூலியட் விளைவு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 2014இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி சோதித்துப் பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. சுற்றியிருப்போரின் ஒப்புதல் இருந்த இடத்தில்தான் உறவு வலுவாக இருந்தது. எதிர்ப்பு காதலை வளர்க்காது, தேய்க்கும்.

தமிழ் மரபு இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தது. அகத்திணையில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை உண்டு. தலைவியின் களவைத் தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் எடுத்துச் சொல்வது. களவு கற்பாக வேண்டுமானால் சிலர் கூட நிற்க வேண்டும். ஆனால் அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை, பெருந்திணைப் பக்கம் தள்ளி வைத்தது. பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி முடிவு. உறவு ஏன் நீடிக்கிறது, ஏன் முறிகிறது என்பதற்குக் கேரில் ரஸ்பல்ட் 1980இல் ஒரு விளக்கம் தந்தார். உறவில் கிடைக்கும் நிறைவு, வெளியே இருக்கும் மாற்று, இதுவரை அதில் போட்ட முதல் ஆகிய மூன்றையும் மனம் எடைபோடுகிறது என்பது அது. நல்ல விளக்கம்தான். தர்மபுரியை இதில் வைத்துப் பார்ப்போம்.

2012 அக்டோபரில் நத்தம் காலனி இளவரசனும் வன்னியர் சமூகப் பெண்ணும் மணந்தார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அந்த இருவரும் மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்த மாதங்களை யாரும் பேசுவதில்லை. நாங்கள் வியப்பது இதைத்தான். 2013 ஜூன் தொடக்கத்தில் அவர் தாயிடம் போனார். ஜூலை 3 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில், இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்றார். மறுநாள் இளவரசனின் உடல் தண்டவாளம் அருகே கிடந்தது.

‘பெண் மனம் மாறிவிட்டாள்’ என்று பேசிக்கொண்டார்கள். அவர் முன்னால் இருந்த தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் கணவன். மறு தட்டில் தந்தையின் சாவு, தாயின் கண்ணீர், எரிந்த வீடுகள், அத்தனைக்கும் நீதான் காரணம் என்ற பழி. அன்பின் அளவை வைத்து மட்டும் இந்தப் பிரிவை விளக்க முடியாது. ஒரு சமூகமே ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்து அழுத்தியது.

அழுத்தியும் பிரியாவிட்டால் அரிவாள் வருகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். காயங்களோடு பிழைத்த கௌசல்யா சாதிக்கு எதிராக இன்றும் பேசுகிறார். இதெல்லாம் கொங்கு, தர்மபுரிக் கதை, நாம் சென்னைக்காரர்கள் என்று யாராவது நினைத்தால், 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில் நடந்தது என்ன? தாம்பரத்திலிருந்து வேளச்சேரி பஸ் ஏறினால் வரும் ஊர்தான். சாதி கடந்து மணந்து சில மாதங்களே ஆன தலித் இளைஞர் தெருவில் கொல்லப்பட்டார். பெண்ணின் அண்ணன் உட்படப் பலர் கைதானார்கள். ஏப்ரலில் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கே நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாதி கடந்து மணந்தவர்களை நாம் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறோம். கொடிக்குச் சண்டை போடும் உரிமை கிடையாது. மற்ற கணவன் மனைவி போல இவர்கள் சண்டையிட்டால் எதிரிக்கு ‘சொன்னோமே’ என்று சிரிக்க வாய்ப்பு, நமக்கு அவமானம். ஒத்துவராதபோது சாதாரணமாகப் பிரிவதும் காதலின் உரிமைதான். இரு பக்கமும் அதைப் பறித்துக்கொள்கின்றன. இன்னொன்று: பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளே பெண் கொடுத்து எடுக்கத் தயங்கிக்கொண்டு ஊருக்கு அகமண ஒழிப்பு பேசுவது எடுபடாது.

கூட நிற்பதை ஓர் இயக்கமே செய்ததும் வரலாற்றில் உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் புரோகிதரை மட்டும் விலக்கவில்லை. பெற்றவர்கள் வராத மணமேடையில் இயக்கத் தோழர்கள் சொந்தமாக வந்து உட்கார்ந்தார்கள். அத்தகைய மணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்தவற்றுக்கும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

ஆனால் மதம் மாறுபட்ட இணையர் போக வேண்டியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான். அது முப்பது நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. பெயரும் முகவரியும் பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும். துரத்துகிறவனுக்கு அரசே முகவரி தருவது போல. சாதி கடந்த இணையருக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. நம் பகுதி இணையர் ஒருவர் இன்றிரவு பையோடு வந்து நின்றால், அந்த எண் என்ன, அந்த இல்லம் எங்கே என்று இந்த அரங்கில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

7-அ பிரிவின்படி ஐயர் வேண்டாம், தாலிகூடக் கட்டாயமில்லை. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும். யார் முன்னிலையில் என்ற இடத்தில் சட்டம் உறவினர், நண்பர் என்று சொல்லிவிட்டு, ‘அல்லது பிறர்’ என்றும் சேர்த்திருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஆதார் அட்டையோடு பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருக்கும் மூன்று பேர்.