ஆற்றுப்படுத்துவோர் கற்ற களங்கள்: யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உளவளத்துணையாளராகவோ உளச்சிகிச்சையாளராகவோ வர விரும்பும் ஒருவர் எங்கே, எவரிடம், எம்மொழியிற் கற்பது என்பது மேலோட்டமாக நோக்குமிடத்து அவரவர் வசதியையும் விருப்பையும் பொறுத்த சொந்த விடயமாகவே தோன்றும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை அது அவ்வாறு இருந்ததில்லை. பயிற்சிக் களத்தைத் தீர்மானித்தவை பெரும்பாலும் பாதைகளும் போரும் மொழியுமே. அத்தீர்மானத்தின் பயனை அனுபவித்தவர்கள் கற்றவர்கள் மட்டுமல்லர். அவர்களிடம் துயர் சொல்ல வந்தவர்களுமாவர். இவ்வரலாற்றின் சில கட்டங்களை நோக்குவதே எமது முயற்சி.

இவ்வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. உளத்தைப் பற்றியதாக அன்றி உடலைப் பற்றியதாக அது முன்னரே எழுந்துள்ளது. 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சார்ந்து இங்கு வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவ மாணவரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியபோது ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்வதையும், கிராமங்கள் வைத்தியரின்றிக் கிடப்பதையும் கண்டு, 1860களின் நடுப்பகுதியிலே தமிழ்மூலப் பயிற்சிக்கு மாறினார். அதற்கென அங்காதிபாதம், இரணவைத்தியம், மகப்பேற்று வைத்தியம் முதலாய துறைகளில் நூல்கள் தமிழாயின. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். தமிழிற் கற்றவன் ஊரிலே தங்குவான் என்ற அவரது கணிப்பை மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. மாணவர் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதைக் கண்டறிந்த ஓர் ஆசிரியனின் முடிவு அது.

கிறீன் மொழிபெயர்ப்பித்த துறைகளுள் உளநோய் தனியிடம் பெறவில்லை. அக்காலத்து மேலை மருத்துவத்திலேயே அது ஓரத்தில் நின்ற துறை. இலங்கையில் 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டம் இவ்விடயத்தைப் பெரிதும் காவலில் வைத்தல் பற்றிய பிரச்சினையாகவே கண்டது. பின்னர் 1920களில் அங்கொடை வைத்தியசாலை எழுந்தது. வடபகுதியில் உறவினரால் சமாளிக்க முடியாதுபோன நோயாளர் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால், தம்மொழி பேசுவோர் அரிதான விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். மருந்து கொடுக்க மொழி அதிகம் வேண்டியதில்லை. பேச்சையே மருந்தாகக் கொள்ளும் முறைக்கோ மொழியன்றி வேறு கருவியில்லை.

பேச்சுவழிச் சிகிச்சைக்கான முறையான பயிற்சி உலகிலே தோன்றியதும் அண்மைக் காலத்திலேயே. 1920இல் பேர்லினில் நிறுவப்பட்ட உளப்பகுப்பாய்வு நிலையமே கோட்பாட்டுக் கல்வி, மேற்பார்வையின் கீழ்ச் சிகிச்சையளித்தல், பயிலுநர் தாமும் பகுப்பாய்வுக்கு உட்படல் என்னும் மூன்றையும் ஒருங்கிணைத்தது. இரண்டே ஆண்டுகளின் பின், 1922இல், கிரீந்திரசேகர போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை அமைத்தார். அவர் வியன்னா சென்று கற்றவரல்லர். நூல்களைக் கொண்டும் தம் நோயாளரைக் கொண்டும் கற்று, புரொயிட்டுடன் கடிதமூலம் விவாதித்தவர். தமக்குக் கிடைத்த வங்காள நோயாளரின் உள்ளம் வியன்னாவின் கோட்பாட்டுக்கு முற்றாக இணங்கவில்லை என்பதை அவர் எழுதவும் தயங்கவில்லை. சென்று கற்பதே கற்றல் என்ற எண்ணத்துக்கு இது தக்க மறுப்பாகும். 1942இல் அமெரிக்கரான கார்ல் றொஜர்ஸ் வெளியிட்ட நூல், மருத்துவரல்லாதோரும் இத்தொழிலிற் புகுவதற்கு வழிதிறந்தது. ஆசிரியர், சமயப் பணியாளர், சமூகசேவையாளர் என்போர் இத்துறைக்கு வந்தமைக்கு அவரது செல்வாக்கு ஒரு முக்கிய காரணமாகும்.

குடாநாட்டவர்க்கு 1970களில் எட்டக்கூடியனவாக இருந்த களங்கள் எவை? பாக்குநீரிணைக்கு அப்பால் வேலூரில் 1971இல் தொடங்கிய கிறிஸ்தவ உளவளத்துணை நிலையம் ஒன்று. அதே ஊரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த, பாகாயத்திலுள்ள மனநல மையம், நோயாளரோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் முறையை 1950களிலிருந்தே கைக்கொண்டிருந்தது. குடும்பத்தைப் பிரித்துத் தனியாளைப் பார்க்கும் வழக்கமில்லாத எமது சமூகத்துக்கு இதைவிட அண்மித்த மாதிரியைக் காண்பது அரிது. பெங்களூரில் 1974இல் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனம் உருவாயிற்று. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம் அது. யாழ்ப்பாணத்தவர்க்குக் கொழும்பைப் போலவே வேலூரும் எட்டக்கூடியதாக இருந்தது என்று கூறின் மிகையாகாது. 1980களின் நடுப்பகுதியில் அக்கப்பற்சேவை நின்றது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவியும் நின்றது. கொழும்புக்குப் போவதெனில் இரவிலே கிளாலிக் கடனீரேரியை வள்ளத்திற் கடக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தெரிவு என்ற சொல்லே பொருளிழந்த காலம் அது.

ஆயினும் அக்காலமே உள்ளூர்ப் பயிற்சியின் காலமாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண். 1974இல் பல்கலைக்கழக வளாகமும் 1978இல் மருத்துவபீடமும் யாழ்ப்பாணத்தில் அமைந்திருந்தமை இதற்கு அடித்தளமிட்டது. 1987இல் சாந்திகம் தோன்றியது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும், வடபகுதிக்கெனக் கிடைத்த உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராக இருந்த நிலையில், விடுதியில் இருந்துகொண்டு நோயாளரை எதிர்பார்ப்பது பயனற்றது என்பதை உணர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபின் அவ்வுணர்வு ஐயத்துக்கிடமற்றதாயிற்று. இலட்சக்கணக்கானோர் ஒருங்கே துயருறும்போது ஒருவரை ஒருவராக அறையில் இருத்திப் பேசுதல் எம்மட்டுக்கு? ஆகவே ஆசிரியர், கிராம மட்டப் பணியாளர், சுகாதார ஊழியர், சமயத் தொண்டர் ஆகியோரைப் பயிற்றுவிக்கும் நெறி வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகமும் 1996இல் வெளியிட்ட கைந்நூலைத் தழுவித் தமிழ்ச் சமூகத்துக்கென ஒரு கைந்நூலைச் சோமசுந்தரமும் சிவயோகனும் ஆக்கினர். மானிப்பாய்ப் பணியை அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கலைச்சொல் வரலாறு இங்குப் பெரிதும் பயன்தருவது. இதழின் வாசகர்க்கு அதுவே உவப்பாகவும் இருக்கலாம். ஈழத்திலே இத்தொழிலுக்கு உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல், சீர்மியம் என மூன்று பெயர்கள் வழங்கலாயின. பாடசாலைகளில் 'வழிகாட்டலும் ஆலோசனையும்' என்பது வழக்கு. இவற்றுள் ஆற்றுப்படுத்தல் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. துயர் ஆற்றுதல் என்ற பொருளிலேயே பலர் இதனை விளங்கிக்கொள்கின்றனர். அது பிழையெனத் தள்ளத்தக்கதுமன்று. ஆயினும் ஆறு என்பதற்கு வழி என்ற பொருளே இலக்கிய மரபில் முதன்மையானது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் வழி கூறுபவன் அவ்வழியே சென்று பயன்பெற்று மீண்டவன். செல்லாதவனுக்கு வழிகூறும் தகுதியில்லை. பயிலுநர் தம் உள்ளத்தைத் தாமே முதலில் ஆராயவேண்டும் என்ற பேர்லின் விதியும் இதனையே கேட்கின்றது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்ட நாம் விரும்பவில்லை. ஆற்றுப்படையின் முடிவில் வள்ளல் ஒருவன் இருக்கிறான். முகாமிலிருந்து வந்தவளுக்கு அப்படி ஒருவரையும் காட்ட இயலாது.

சொற்பிரச்சினை கலைச்சொல்லோடு முடிவதில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'எனக்கு ஒரே யோசனை' என்று ஒரு தாய் கூறினால் அவள் திட்டம் எதனையும் தீட்டவில்லை, கவலையில் அமிழ்ந்திருக்கிறாள். சென்னையிற் பயின்று வந்தவர் இதனை வேறுவிதமாக விளங்கிக்கொள்ளக் கூடும். பெருமூச்சு, ஏக்கம், தலையிடி, நெஞ்சுப் படபடப்பு என்பனவும் இவ்வாறே. துயர் இங்கு உடலின் வழியாகவே பெரிதும் பேசுகின்றது. ஆங்கிலத்திற் கற்றவர் இச்சொற்களை மனத்துள் மொழிபெயர்த்து, நோய்ப்பட்டியலில் இடந்தேடிக்கொண்டிருக்கையில் எதிரே இருப்பவர் மௌனமாகிவிடுகிறார்.

மற்றொன்றும் உண்டு. றொஜர்ஸ் வழிவந்த பயிற்சியில் அறிவுரை கூறுதல் தவிர்க்கப்படவேண்டியது. எம்மவரோ எதிரிலிருப்பவரை 'தம்பி' என்றோ 'பிள்ளை' என்றோ 'ரீச்சர்' என்றோ விளித்து, 'இனி நான் என்ன செய்யிறது?' என்றே கேட்பர். இந்திய உளமருத்துவரான நெக்கி 1973இல் எழுதிய கட்டுரையில், குரு–சீட உறவையே சிகிச்சை உறவுக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என வாதிட்டார். நாம் அதனை முழுதாக ஏற்பவரல்லோம். குருவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத இடத்தில் நோயாளரின் சொல் அடங்கிப்போகும் அபாயம் உண்டு. எனினும் மேலைக் கொள்கையை அப்படியே ஒப்புவிக்கும் பயிற்சியை விட, இம்முரணை மாணவர் முன் வைத்து விவாதிக்கும் பயிற்சியையே நாம் மேலானதெனக் கொள்வோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் நிலைமை தலைகீழாயிற்று. முன்னர் களமே இல்லை. இப்போது களங்கள் பெருகின. பிறநாட்டு நிறுவனங்கள் பல ஓரிரு நாட் பயிற்சியளித்துச் சான்றிதழும் வழங்கின. பயிற்றியவர் விமானமேறியபின், பயின்றவர் தமக்குத் தெரியாத ஒரு துயரை எதிர்கொள்ளும்போது எவரிடம் கேட்பது என்ற வினா அச்சான்றிதழ்களில் எங்கும் இல்லை. பயிற்சிக் களத்தை மதிப்பிடுவதற்கு நாம் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல் இதுவே: பயிற்சி முடிந்த பின்னரும் மேற்பார்வை தொடருமா? அடுத்து, பயில்வோர் உண்மையான மனிதரோடு தமிழிற் பேசிப் பழக இடமுண்டா? பட்டத்தின் பெயரும் நிறுவனத்தின் புகழும் இவற்றின் பின்னரே வரவேண்டும். வெளியே கற்பதை நாம் மறுக்கவில்லை. இலங்கையில் விசேட உளமருத்துவராவோர் கொழும்பின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தினூடாக வெளிநாட்டிலும் ஒரு காலம் பயிலவேண்டியவரே. சென்று மீள்வது ஒன்று. செல்வதையே தகுதியாகக் கொள்வது வேறொன்று.

2009 மே மாதம் போர் முடிந்தது. கண்டி வீதி திறந்தது. இன்று குடாநாட்டு இளைஞர் ஒருவர் கொழும்பையும் சென்னையையும் இலண்டனையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்யலாம். ஆயினும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் காத்திருக்கின்றனர். இறப்பு உறுதியாயின் எட்டுச்செலவு உண்டு. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி உண்டு. துயருக்கு அங்கே ஒரு கரை உண்டு. இறந்தான் என்றும் இருக்கிறான் என்றும் சொல்லமுடியாதவனுக்கு எச்சடங்கும் இல்லை. அத்தாயின் முன் அமர்பவர் எந்நாட்டு நூலைக் கற்று வந்திருப்பினும், அவளுக்குச் சொல்லவேண்டியதும் சொல்லாது விடவேண்டியதும் யாதென்பதை அவளைப்போன்ற வேறு தாய்மாரிடமிருந்தே கற்கவேண்டியவராயிருக்கிறார். அவர்களோ குடாநாட்டிலும் வன்னியிலும் இருக்கின்றனர்.