தோட்டத்துச் சொல்லும் ஆலைச் சொல்லும்: நாசிக் ஒயின் நிலத்தின் வரலாறு

ஒரு பயிரின் வரலாற்றை அறிய ஆவணங்களும் வணிகக் கணக்குகளும் துணைபுரிவது போலவே, அப்பயிரைச் சுற்றி வழங்கும் சொற்களும் துணைபுரிகின்றன. எந்தச் சொல் அம்மண்ணில் பிறந்தது, எது கடல் கடந்து வந்தது என்று வகைப்படுத்திப் பார்த்தால், உழைத்தவர் யார், கற்பித்தவர் யார், வாங்கியவர் யார் என்பது புலனாகும். இவ்வுரையில், மகாராட்டிர மாநிலத்து நாசிக் வட்டாரத்தை இந்நோக்கில் காண்போம். ஒயின் நன்றா தீதா என்பது நம் ஆய்வுப் பொருளன்று. ஒயினால் ஒரு வட்டாரமும் அதன் மொழியும் அடைந்த மாற்றமே நம் பொருள்.

நாசிக் கோதாவரிக் கரையிலுள்ள திருத்தல நகரம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பமேளா நடைபெறும் நான்கு இடங்களுள் அதுவும் ஒன்று. மும்பைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், தக்காணப் பீடபூமியின் விளிம்பில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை சிதைந்து ஆகிய மண்ணும், குளிர்காலத்தின் தண்ணிய இரவுகளும் கொடிமுந்திரிக்கு ஏற்றவை. 20ஆம் நூற்றாண்டில் அவ்வட்டார உழவர்கள் உண்பதற்குரிய திராட்சையைப் பயிரிட்டுப் பெயர் பெற்றனர். விதையற்ற 'தாம்சன்' வகை அங்கிருந்து ஐரோப்பா வரை சென்றது. ஆக, திராட்சை அங்குப் புதிதன்று, ஒயினே புதிது.

ஒயின் முயற்சி முதலில் வேறிடங்களில் தோன்றிற்று. 1980களில் புணே மாவட்டத்து நாராயண்காவில், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தின் துணையோடு நுரைக்கும் ஒயின் செய்யப்பட்டது. 1988இல் பெங்களூருக்கு அருகே நந்திமலைப் பகுதியில் குரோவர் குடும்பத்தார் தம் தோட்டத்தைத் தொடங்கினர். நாசிக்கில் திருப்பத்தை உண்டாக்கியவர் இராஜீவ் சாமந்த். கலிபோர்னியாவில் படித்துப் பணியாற்றித் திரும்பிய அவர், கலிபோர்னிய வல்லுநர் ஒருவரின் துணையுடன் செனின் பிளாங்க், சோவினியோன் பிளாங்க் ஆகிய வகைகளை நட்டார். 2000இல் அவருடைய 'சூலா' நிறுவனத்தின் முதல் ஒயின்கள் வெளிவந்தன. 'சுலபா' என்னும் தம் அன்னையின் பெயரைச் சுருக்கியே நிறுவனத்திற்கு அவர் பெயரிட்டார். 2001இல் மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் அளித்தது. அதன்பின் ஆலைகள் பெருகின. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்பது புவிசார் குறியீடும் பெற்றது.

அறுவடைக் காலத்தில் அவ்வாலைகளுக்குச் செல்வோர் முதலில் காண்பது கொடிகளையே. குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வெப்பநாட்டிலோ அதற்கு உறக்கம் இல்லை. ஆண்டு முழுதும் தழைத்துக்கொண்டே இருக்கும். அதனை அப்படியே விட்டால் மழைக்காலத்திலும் காய்த்து, நோய்ப்பட்டுச் சுவை கெடும். எனவே உழவர் ஆண்டுக்கு இருமுறை கிளைகளை வெட்டி, ஒரே விளைச்சலை எடுக்கின்றனர். ஏப்ரலில் வெட்டுவது புதிய தண்டு வளர்வதற்கு. மழை ஓய்ந்தபின், செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது கனிக்கு. அறுவடை சனவரி முதல் மார்ச்சு வரை நிகழும். பிரான்சில் கொடிகள் உறங்கும் வேளையில் நாசிக்கில் கூடைகள் நிறைகின்றன.

இவ்விரு வெட்டுக்கும் மராத்தி உழவர் வைத்துள்ள பெயர்களை நாம் கருத்தூன்றிக் காணவேண்டும். முதலாவது 'கரட் சாட்டணி'. 'சாட்டணி' என்றால் கிளை கழித்தல். 'கரட்' என்பது சுரண்டி எடுத்தலைக் குறிக்கும். கொடியை அடியோட்டி வெட்டும் செயலுக்கு இது பொருத்தமான பெயர். இரண்டாவது 'கோடி சாட்டணி'. 'கோடி' என்றால் இனிமை. பழம் தரப்போகும் வெட்டு ஆதலின் இனிப்பு வெட்டு ஆயிற்று. இச்சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. கத்தி பிடித்த கைகள் ஆக்கின. உண்ணும் திராட்சைக்கு எழுந்த இப்பெயர்கள், ஒயின் திராட்சை வந்தபோது இயல்பாக அதற்கும் உரியவாயின.

தோட்டத்தைக் கடந்து ஆலைக்குள் நுழைந்ததும் மொழி மாறிவிடுகிறது. எஃகுக் கலங்கள், ஓக் மரப்பீப்பாய்கள், நொதிப்பின் படிநிலைகள், சுவையின் கூறுகள் அனைத்தும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லப்படுகின்றன. நாம் சென்ற ஆலைகளில் வழிகாட்டிய இளைஞர்கள் அவ்வட்டாரத்து உழவர் குடும்பத்தினர். கொடியைப் பற்றித் தம்முள் மராத்தியில் சரளமாகப் பேசிய அவர்கள், கிண்ணத்திலிருந்த ஒயினின் மணத்தை விளக்கும்போது முழுவதும் ஆங்கிலத்திற்கு மாறினர். ஆங்கில அறிவு குறையன்று. எனினும் அந்த மணத்தைச் சொல்ல அவர்களுடைய தாய்மொழியில் வழக்கு இன்னும் உருவாகவில்லை.

இவ்விடைவெளி மொழியறிஞரின் கவலை மட்டுமன்று; வாழ்வையும் தொடுவது. 2008ஐ ஒட்டிய பொருளாதாரச் சரிவில் ஒயின் விற்பனை தளர்ந்தபோது, ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. ஒயின் திராட்சை உண்பதற்கு ஏற்றதன்று. சிறியது, விதை மிக்கது, சந்தையில் விலைபோகாதது. ஆகவே பல உழவர் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். விளைவித்தவர்க்கு அப்பொருள் தம் வீட்டில் புழங்கும் பொருளாக இருக்கவில்லை. தொலைவிலிருந்த ஒரு சந்தைக்கு உரியதாகவே இருந்தது.

2022 சனவரியில் இதே இடைவெளி அரசியல் மேடைக்கு வந்தது. பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை இசைவளித்தது. ஒயின் 'தாரு' அன்று, உழவர் விளைபொருள் என்று ஆதரித்தோர் கூறினர். அதுவும் 'தாரு'வே என்று எதிர்த்தோர் கூறினர். பாரசீகத்தில் மருந்தைக் குறித்த அச்சொல், மராத்தியில் வெடிமருந்தையும் போதைதரும் எல்லாப் பானங்களையும் ஒருங்கே குறிக்கிறது. ஒரே சொல்லின் எல்லை பற்றியே வாதம் நிகழ்ந்தது. திட்டமும் நடைமுறைக்கு வராமல் நின்றது. வேறுபடுத்திச் சொல்லத் தனிச்சொல் இல்லாத இடத்தில், வேறுபாடு உண்டா என்பதைப் பற்றி அமைதியாக எண்ணிப் பார்ப்பதும் அரிதாகிறது.

தமிழுக்கு இவ்வகையில் பழைய பட்டறிவு உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டு யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைக் குறிப்பிடுகிறது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள், அவ்வணிகத்திற்கு மண்ணின் சான்றாயின. வந்தது அயலார் பொருள்; ஆனால் பாட்டில் அதற்கு அமைந்த பெயர் நம்முடையது. தெளிந்தது தேறல், நறுமணம் உடையது நறவு. தெளிவும் மணமும் பெயரிலேயே பதிந்திருந்தன. பிற்காலத்தில் இவ்வேறுபாடுகள் தேய்ந்து, 'மது' என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றிற்கும் பொதுவாயிற்று. மராத்தியின் 'தாரு' நின்ற இடத்திலேயே இன்று நாமும் நிற்கிறோம்.

இதற்கு மாறான நிலையைச் சார்சியாவில் காணலாம். அங்கு மண்ணில் புதைத்த பெருஞ்சாடியில் ஒயின் செய்யும் தொன்முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அச்சாடியின் சார்சியப் பெயரான 'குவெவ்ரி'யை இன்று பிறமொழியாரும் அப்படியே வழங்குகின்றனர். செய்வோரின் சொல்லே உலகின் சொல்லாகியிருக்கிறது.

மலாயாத் தோட்டங்களின் வரலாறும் நாசிக்கை ஒத்ததே. 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்த அயல்நாட்டு மரத்திற்கு, நம் முன்னோர் பால்மரம் என்று பெயரிட்டனர். பால்வெட்டு, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று அவர்தம் உழைப்பின் ஒவ்வொரு கூறும் தமிழாயிற்று. ஆனால் ஆலையிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமே நின்றது. கணக்கும் தரமும் விலையும் அங்கே தீர்மானிக்கப்பட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது உழைத்தவர் வெளியேறினர். அவர்களோடு அச்சொற்களும் வழக்கிழந்து வருகின்றன.

எனவே ஒரு நிலம் வளர்ந்துவிட்டதா என்பதை அறிய, புட்டிகளின் எண்ணிக்கையோடு மற்றொன்றையும் அளத்தல் வேண்டும்: தோட்டத்துச் சொல் ஆலை வாசலைக் கடந்து உள்ளே சென்றிருக்கிறதா என்பதே அது. நாசிக்கில் இனிப்பு வெட்டுக்குப் பெயரிட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று கிண்ணத்தை ஏந்தி நிற்கின்றனர். அவர்கள் அதன் மணத்தை மராத்தியில் சொல்லத் தொடங்கும் நாளில், அந்த ஒயின் நாசிக்கில் செய்யப்படும் பொருள் என்னும் நிலை கடந்து, நாசிக்கின் பொருளே ஆகிவிடும்.