சைக்கிள் படித்த புதுக்கோட்டை



நம் சபைகளில் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பத்தார் யாராவது இருந்தால், ஊரிலுள்ள அம்மாவிடமோ சித்தியிடமோ எப்போது சைக்கிள் ஓட்டப் பழகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1991 அல்லது 1992 என்று பதில் வரக்கூடும்.

அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தொண்டர்கள் பாடம் சொல்லித் தந்தார்கள். ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அந்தப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பஸ் எப்போதாவது எட்டிப்பார்க்கும் கிராமங்கள் அவை. தண்ணீருக்கு நடை, சந்தைக்கு நடை. கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் அப்பாவோ அண்ணனோ வீட்டுக்காரரோ கொண்டுவந்து விட வேண்டும்.

முதலில் ஏறியவர்கள் தெருவில் வசை கேட்டார்கள். ஆனாலும் கல்குவாரித் தொழிலாளிகளும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கிராம நர்சுகளும் ஆசிரியைகளும் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு அதுவே பலருக்குப் பிடித்துப்போனது. குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

இதில் நாம் கவனிக்க வேண்டியது பயிற்சி நடந்த விதம். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் பெண்கள் நல்ல சேலை உடுத்தி வந்தார்கள். பழகி முடித்தவர்களில் பலர் காசு வாங்காமல் திரும்பி வந்து, அடுத்தவருக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல் சொல்லும் முறையும் இதுதானே. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்து, புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபடி, பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் பழகிவிட்டார்கள். காய்கறி விற்கிறவர்களுக்கு பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. அதிகம் விற்க முடிந்தது.

இங்கே வளைகுடாவில் ஓட்டத் தெரியாதவர் குறைவு. கடைப் பையன்களும் முகாமில் தங்கும் சகோதரர்களும் தினமும் சைக்கிளில்தான் போகிறார்கள். நமக்குத் தெரியாதது பழுது பார்க்க. மணல் ஏறி செயின் தேய்கிறது. வெயிலில் டயர் வெடிப்பு விடுகிறது. துபாயில் ஹெல்மெட் கட்டாயம் என்பது தெரிந்திருந்தும், பிரேக் கட்டை தேய்ந்ததைப் பலர் பார்ப்பதில்லை. சைக்கிள் நின்றுபோனால் அந்தச் சகோதரருக்கு அன்றைய நடை இரட்டிப்பு.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாடு வரும்வரை ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டு போதும். ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளம் வைத்து, துடைத்து, தேய்த்து, சொல்யூஷன் சற்று உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. இதை இன்று நான்கு பேர் கற்றால், அடுத்த வாரம் அந்த நால்வரே சொல்லித்தரட்டும்.