கண்ணாடியில் அழுகிய பேரிக்காய்

கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலமெல்லாம் எனக்கு ஒரே குறை. கொன்றை பூத்துக் குலுங்கும்போது கல்லூரிக்கு விடுமுறை. ஹெர்பேரியத் தாளில் ஒட்டிவைத்த பூ பழுப்பேறிவிடும். பார்மலினில் போட்டால் நிறம் போய்விடும். எதைக் காட்டிப் பாடம் நடத்துவது?

ஹார்வர்டில் தாவரவியல் அருங்காட்சியகத்தை உருவாக்கிய ஜார்ஜ் லிங்கன் குடேலுக்கும் இதே கவலைதான். உலர்ந்த மாதிரிகளிலும் மெழுகுப் பூக்களிலும் மனம் நிறையாமல், 1886இல் ஜெர்மனிக்குப் போய், டிரெஸ்டன் அருகே ஹோஸ்டர்விட்சில் இருந்த லியோபோல்ட் பிளாஷ்காவையும் மகன் ருடால்ஃபையும் பார்த்தார்.

லியோபோல்ட் பொஹீமியாக்காரர், பரம்பரைத் தொழிலே கண்ணாடிதான். நகைகளும் செயற்கைக் கண்களும் செய்துவந்தார். மனைவியைக் காலராவுக்குப் பறிகொடுத்து, தந்தையையும் இழந்த துயரத்தோடு 1853இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அசோர்ஸ் தீவுகளருகே காற்று விழுந்து கப்பல் நின்றுபோனது. அப்போது கடலில் மிதந்த ஜெல்லி மீன்களை உற்றுப் பார்த்து வரைந்துகொண்டார். பத்தாண்டு கழித்து டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கடற்சாமந்திகள் செய்தார். பிறகு பல நாட்டு அருங்காட்சியகங்கள் அவர் செய்த கடலுயிர்களை வாங்கின.

குடேலுக்காகச் செய்தனுப்பிய முதல் கண்ணாடிப் பூக்கள் நியூயார்க் சுங்கத்தில் உடைந்தன. மிஞ்சிய துண்டுகளைப் பார்த்தே பாஸ்டன் செல்வந்தர் எலிசபெத் வேரும் மகள் மேரி லீ வேரும் செலவை ஏற்றார்கள். 1890இலிருந்து பிளாஷ்காக்கள் ஹார்வர்டுக்காக மட்டுமே வேலை செய்தார்கள்.

பட்டறையில் ஒரு விளக்கு, காலால் மிதிக்கும் துருத்தி, இடுக்கிகள். சுடரில் இளகிய கண்ணாடியை இழுத்தும் கிள்ளியும் இதழாக்குவார்கள்; தண்டுக்குள் கம்பி வைப்பார்கள். ரகசியக் கருவி எதுவும் இல்லை, தலைமுறைகளாய் வந்த கைத்திறன்தான் என்று லியோபோல்ட் எழுதியிருக்கிறார். ஆனால் கை மட்டும் போதாது. பல மடங்கு பெரிதாக்கிய சூலகத்தின் குறுக்குவெட்டில் சூல்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. தாவரவியல் தெரியாதவரால் அப்படிச் செய்யவே முடியாது.

1895இல் தந்தை இறந்தார். ருடால்ஃப் தனியாக 1936 வரை செய்தார். மொத்தம் 780 இனங்கள், சுமார் 4,300 மாதிரிகள். இவற்றில் என் மனம் நிற்பது அவர் 1924 முதல் 1932 வரை செய்த நோயுற்ற பழங்களிடம். பொருக்குத் தட்டிய பேரிக்காய், பூஞ்சை பூத்த ஸ்ட்ராபெரி. பூவின் அழகு பார்ப்பவரைத் தானே இழுக்கும். அழுகலையும் அதே பொறுமையோடு பார்த்துச் செய்திருக்கிறாரே, அதுதான் விஞ்ஞானியின் கண்.

ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை. தொழில் பழக யாரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. 1939இல் அவரோடு அந்தப் பட்டறை முடிந்தது.

பிள்ளைகளைப் பார்க்க பாஸ்டன் பக்கம் போகிறவர்கள் இந்த மாதிரிகளைப் பார்க்க, கேம்பிரிட்ஜில் இருக்கும் ஹார்வர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.