ஓர் எழுத்துப் பிழையும் வாட்டர்லூ மாணவர் நால்வரும்



சென்ற மாதம் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கணனி வரலாறு பற்றிய உரைதான். ஆனால் அது ஓர் இழப்பில் தொடங்குகிறது.

எமது வானொலியின் ஒலிக்களஞ்சியத்தைப் பராமரிக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். புதிய ஒலிப்பதிவுகளைக் களஞ்சியத்துக்குப் பிரதி செய்துவிட்டு, தற்காலிகக் கோப்புறையை வெறுமையாக்குவதற்கு, ஆறே வரியில் ஒரு ஷெல் நிரல் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் அதைத் திருத்தும்போது களஞ்சியத்தைக் குறிக்கும் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். தனக்குத் தெரியாத பெயரைக் கண்டால் ஷெல் அதை வெறுமை என்று எடுத்துக்கொள்ளும், குறை சொல்லாது. பிரதி எடுக்கும் வரி தோற்றது. அடுத்த வரி, அதாவது அழிக்கும் வரி, தன் வேலையைச் செவ்வனே செய்தது. 11 முதியவர்களின் நேர்காணல்கள் போய்விட்டன. அவர்களில் மூவர் இன்று நம்மோடு இல்லை.

தவறு என்னுடையதுதான். ஆனாலும், பிழையான நிரலை ஓடவிடாமல் தடுக்க ஒரு வழி இருக்கவில்லையா என்று தேடினேன். இருந்தது. அதுவும் ரொறன்ரோவிலிருந்து சுமார் 110 கிலோமீற்றர் தூரத்திலேயே இருந்தது!

நிரலை இயக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. ஷெல் போன்றவை ஒவ்வொரு வரியாக வாசித்து, வாசித்த கையோடு செய்துவிடும். கொம்பைலர் என்பது நிரல் முழுவதையும் முதலில் வாசித்து, இயந்திர மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். முழுவதையும் வாசிப்பதால், பல பிழைகளை ஓடுமுன்பே அதனால் சொல்லிவிட முடியும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும்.

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் குழுவினர் போர்ட்ரான் மொழியின் கொம்பைலரை வெளியிட்டார்கள். பெரிய கணக்குகளுக்கு அது வரப்பிரசாதம். பல்கலைக்கழக மாணவரின் சிறு பயிற்சிகளுக்கோ, ஓடும் நேரத்தைவிட மொழிமாற்றும் நேரமே கூடுதலாக இருந்தது. 1965இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் நால்வர், ஐ.பி.எம். 7040 கணனிக்காக வாட்ஃபோர் என்ற போர்ட்ரான் கொம்பைலரை எழுதினார்கள். இடைப்படிகளைத் தவிர்த்து, நேராக நினைவகத்தில் மொழிமாற்றி உடனே ஓட்டியது அது. இன்னொரு சிறப்பு, மதிப்புக் கொடுக்கப்படாத பெயரை ஒரு நிரல் பயன்படுத்தினால் பிழை என்று அறிவித்து நிறுத்திவிடும். என்னைக் கவிழ்த்த அதே பிழைதான்! பிற பல்கலைக்கழகங்களும் அதை விரும்பி எடுத்துக்கொண்டன.

பிறகு காற்று மறுபக்கம் வீசியது. பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தது. அதற்கு 1971இல் கென் தொம்சன் ஒரு ஷெல் எழுதினார். 1979இல் ஸ்டீவ் போர்னின் ஷெல் வெளிவந்தது. பின்னர் 1987இல் பேர்ள், 1991இல் பைதன். கோப்புகளை நகர்த்துவது போன்ற சிறு வேலைக்கு சி மொழியில் எழுதி மொழிமாற்றுவது, மலையைக் கெல்லி எலி பிடிப்பது போலிருந்தது. ஆகவே பெரிய வேலைக்குக் கொம்பைலர், சிறு வேலைக்கு ஸ்கிரிப்ட் என்ற பிரிவினை வழக்கமாயிற்று. விரைவு கிடைத்தது, முன்கூட்டிய சோதனை கைநழுவிப் போனது.

2007 செப்ரெம்பரில் கூகிளில் ரொப் பைக் தம் சி++ நிரல் மொழிமாறுவதற்கு சுமார் 45 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் றொபேட் கிரீசமரும், 1971இல் ஷெல் எழுதிய அதே கென் தொம்சனும் சேர்ந்து புதிய மொழி ஒன்றைத் திட்டமிட்டார்கள். 2009 நவம்பரில் வெளியான அந்த மொழியின் பெயர் கோ. சிறு நிரல்கள் அதில் கண்ணிமைக்கும் நேரத்தில் மொழிமாறும். ஒரே கட்டளையில் மொழிமாற்றி ஓட்டவும் முடியும். அறிவிக்கப்படாத பெயர் ஒன்று இருந்தாலே ஓட மறுத்துவிடும். 2018இல் வந்த ஜாவா 11உம் ஒற்றைக் கோப்பு நிரலை நேராக ஓட்டும் வசதியைத் தந்தது. வாட்டர்லூ மாணவர்கள் தேடிய விரைவும் காவலும் சிறு வேலைகளுக்கு மீண்டும் ஒருங்கே கிடைத்தன.

இப்போது எமது களஞ்சிய நிரல் கோ மொழியில் இருக்கிறது. ஆறு வரி எழுபது வரியாகிவிட்டது. கொம்பைலர் எழுத்துப் பிழையைத்தான் பிடிக்கும். பிரதி சரியாக எடுபட்டதா என்று பார்த்த பின்பே அழிக்க வேண்டும் என்பதை நான்தான் எழுத வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், தெரியாத பெயரைக் கண்டால் நிற்கும்படி ஷெல்லுக்கும் கட்டளையிடலாம். ஆனால் அதை நாமாகக் கேட்க வேண்டும். கேளாமலே காப்பதும், கேட்டால் மட்டும் காப்பதும் ஒன்றல்ல என்பதுதான் நான் கற்ற பாடம்.

இழந்த 11இல் நான்கு நேர்காணல்கள், அவரவர் குடும்பத்தார் வானொலியிலிருந்து பதிந்து வைத்த பிரதிகளாகத் திரும்பி வந்துவிட்டன. ஏழு இன்னும் இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் எமது பழைய நிகழ்ச்சிப் பதிவுகள் ஏதும் இருந்தால், தயவுசெய்து நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள்.